காட்டுக்குள் மறைந்த பள்ளி
கவனிப்பாரற்றுப் போன ஒரு திகிற்படத்தின் வரலாறு

மறக்கப்பட்ட படைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் கூறுவர். படைப்பு தன் காலத்தை முந்திப் பிறந்துவிட்டது என்பது ஒன்று. படைப்பே வலுவற்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. படைப்புக்கும் அதனைக் காண வேண்டியவர்களுக்கும் நடுவே நிற்கும் நிறுவனங்கள் கைமாறும் வேளையில், எவரும் வெறுக்காமலேயே, எவரும் தீர்ப்புச் சொல்லாமலேயே, ஒரு படைப்பு காணாமற்போய்விடுகிறது. லக்கி மெக்கீ என்னும் அமெரிக்க இயக்குநரின் 'தி வூட்ஸ்' ('காடு') அவ்வாறு காணாமற்போன ஒரு திரைப்படம். உறைவிடப் பள்ளி ஒன்றில் நிகழும் சூனியத்தைப் பற்றியது அது.

இலக்கிய வட்டத்தின் மலரில் அயல்நாட்டுத் திகிற்படத்திற்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். சந்தை கைவிட்டதைத் தேடி எடுத்துப் பார்ப்பதும், அதில் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்று எடைபோடுவதும் இலக்கிய வட்டங்களின் தலையாய பணிகளுள் ஒன்று. மேலும், இப்படத்தின் மையத்தில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. ஒரு சிறுமி வாய் திறந்து ஒன்றைச் சொன்னால், அதை யார் நம்புகிறார்கள், எப்போது நம்புகிறார்கள் என்பதே அக்கேள்வி. சூனியத்தின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஆதலின் படத்தையும் அதன் பின்னணி வரலாற்றையும் சேர்த்தே இங்கு நோக்குவோம்.

கதையும் களமும்

கதை நிகழும் ஆண்டு 1965. இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்து. ஹெதர் ஃபசூலோ என்னும் பதின்பருவப் பெண் வீட்டில் தீ வைத்துவிடுகிறாள். மரம் ஒன்று எரிகிறது. மகளோடு ஒத்துப்போக இயலாத தாய், அவளை ஃபால்பர்ன் அகாதெமி என்னும் பெண்கள் உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறாள். நாற்புறமும் அடர்ந்த காடு. கட்டணம் செலுத்தும் வசதி குடும்பத்திற்கு இல்லை. ஆயினும் தலைமையாசிரியை டிராவர்ஸ் அம்மையார் ஹெதரை மனமுவந்து சேர்த்துக்கொள்கிறார். ஏன் சேர்த்துக்கொள்கிறார் என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

பள்ளியில் ஹெதருக்கு மார்சி என்னும் ஒடுங்கிய இயல்புடைய பெண் தோழியாகிறாள். சமந்தா என்பவள் பகையாகிறாள். இரவுகளில் காட்டிலிருந்து குரல்கள் கேட்கின்றன. நெடுங்காலத்திற்கு முன் செந்நிறக் கூந்தலுடைய சகோதரியர் மூவர் காட்டிலிருந்து இப்பள்ளிக்கு வந்த பழங்கதை ஒன்று மாணவியரிடையே வழங்குகிறது. பிறகு மாணவியர் ஒவ்வொருவராக மறையத் தொடங்குகின்றனர். அவர்கள் படுத்திருந்த கட்டிலில் உலர்ந்த இலைக்குவியல் மட்டும் எஞ்சுகிறது.

தமிழில் 'சூனியம்' என்னும் சொல் மாந்திரிகத் தீங்கையும் குறிக்கும், வெறுமையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இல்லாத இந்த இருபொருள் இப்படத்திற்கு மிகவும் பொருந்தி வருகிறது. இங்கே சூனியம் என்பது கொதிக்கும் கொப்பரையோ பறக்கும் துடைப்பமோ அன்று. நேற்றுவரை ஒரு பெண் உறங்கிய கட்டில் இன்று வெறுமையாய்க் கிடப்பதும், அதைப் பற்றி எவரும் வாய் திறவாதிருப்பதுமே இங்குச் சூனியம்.

டிராவர்ஸ் அம்மையாராக நடித்தவர் பட்ரீஷியா கிளார்க்சன். 'பீசஸ் ஆஃப் ஏப்ரல்' (2003) படத்திற்காக ஆஸ்கார் துணைநடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் அவர். இப்படத்தில் அவர் ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. மாணவியின் நலத்தையே விரும்பும் ஓர் ஆசிரியையின் கனிவோடு பேசுகிறார்; அக்கனிவே அச்சமூட்டுகிறது. ஹெதராக நடித்த ஆக்னஸ் பிரக்னர், அழுது புலம்பும் வழக்கமான திகிற்பட நாயகியாக இல்லாமல், எதையும் முகங்கொடுத்துப் பார்க்கும் பெண்ணாக வருகிறார். தந்தையாக நடித்தவர் புரூஸ் கேம்பல். சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்' (1981) படத்தில் உயிர்பெற்றெழும் காட்டின் நடுவே போராடிய அதே நடிகரை, மகளை மற்றொரு காட்டில் விட்டுச் செல்லும் தந்தையாக ஆக்கியதில் இயக்குநரின் குறும்பு வெளிப்படுகிறது. அத்தந்தை மகளை விரும்புகிறார். ஆனால் அவளுக்காகப் பேசுவதில்லை. அவருடைய அந்த மௌனமும் கதையில் ஒரு பாத்திரம்போலவே இருக்கிறது.

உறைவிடப் பள்ளிப் படங்களின் மரபு

'தி வூட்ஸ்' தனித்துத் தோன்றிய படமன்று. உறைவிடப் பள்ளியைக் களமாகக் கொண்ட படங்களின் நீண்ட வரிசையில் அதற்கும் ஓரிடம் உண்டு. அவ்வரிசையின் தொடக்கத்தில் திகிற்படமல்லாத ஒரு படத்தை வைக்க வேண்டும். ஜெர்மனியில் 1931இல் லெயொன்டைன் சாகன் இயக்கிய 'மேட்சென் இன் யூனிஃபார்ம்' ('சீருடைப் பெண்கள்') என்பது அது. கிறிஸ்டா வின்ஸ்லோவின் நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் ஆண் நடிகர் ஒருவரும் இல்லை. பிரஷிய ஒழுங்கின் பெயரால் சிறுமியரின் உணர்வுகளை நசுக்கும் தலைமையாசிரியை ஒருவர் அதில் வருகிறார். பின்னாளில் திகிற்படங்களில் தோன்றிய தலைமையாசிரியைகள் பலருக்கு அவரே மூத்தவர் எனலாம்.

பிரான்சில் ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோ 1955இல் எடுத்த 'லே தியாபொலிக்' ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியைக் கொலைக்களமாக்கியது. ஸ்பெயினில் 1969இல் நார்சிஸோ இபான்யெஸ் செர்ராதோர் 'லா ரெசிதென்சியா' என்னும் படத்தை இயக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண்கள் பள்ளி ஒன்றில் மாணவியர் மறைந்துபோவதே அதன் கதை. பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலவிய நாட்டில், பூட்டிய கதவுகளும் கசையடியும் நிறைந்த பள்ளியைக் காட்டிய அப்படத்தைக் கண்டவர்களுக்கு, அது பள்ளியை மட்டும் சுட்டுவதாகத் தோன்றியிருக்க இயலாது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் வியர் 1975இல் இயக்கிய 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்', 1900ஆம் ஆண்டில் மலைப்பாறை ஒன்றுக்குச் சுற்றுலா சென்று திரும்பி வராத மாணவியரைப் பற்றியது. அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அப்படம் இறுதிவரை சொல்வதில்லை.

உறைவிடப் பள்ளியோடு சூனியத்தை நேரடியாக இணைத்த படங்களுள் 1973இல் அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'சேட்டன்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்' குறிப்பிடத்தக்கது. அதில் வரும் பள்ளியின் பெயர் 'சேலம் அகாதெமி'. அப்பெயரைக் கேட்ட அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்தது இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜென்டோவின் 'சுஸ்பீரியா' (1977). ஜெர்மனியிலுள்ள நடனப் பள்ளி ஒன்று சூனியக்காரிகளின் பிடியில் இருப்பதைக் கண்டறியும் மாணவியின் கதை அது. அர்ஜென்டோ முதலில் பன்னிரண்டு வயதை ஒட்டிய சிறுமியரை வைத்தே அதை எடுக்க எண்ணியிருந்தார். பிறகு வயதுவந்த நடிகையரை அமர்த்தினாலும், கதவுகளின் கைப்பிடிகளை அவர்களுடைய தலைமட்டத்திற்கு உயர்த்தி வைத்துப் படமாக்கினார். உருவில் பெரியவர்களான அவர்கள் பெரியோரின் உலகில் அலையும் குழந்தைகள்போல் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

'தி வூட்ஸ்' இப்படங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் நகல் எடுக்கவில்லை. 'சுஸ்பீரியா' கண்ணைப் பறிக்கும் சிவப்பும் நீலமுமாக விரிகின்றது. மெக்கீயின் படமோ இலையுதிர்காலத்தின் பழுப்பிலும் சாம்பலிலும் தோய்ந்தது. பின்னாளில் 'அன்னபெல்' (2014) படத்தை இயக்கிய ஜான் லியோனெட்டி இதன் ஒளிப்பதிவாளர். கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகளே நியூ இங்கிலாந்துக் காடாக நடித்தன. அர்ஜென்டோவின் பள்ளியில் அச்சம் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. இங்கே அது சாளரத்திற்கு வெளியே காத்திருக்கிறது. பின்னர்க் கொடியாகவும் சருகாகவும் மெல்ல உள்ளே நுழைகிறது.

வரலாற்றில் இருந்த ஒரு பள்ளி

உறைவிடப் பள்ளியில் சூனியம் என்பது கதையாசிரியர்களின் கற்பனை என்றே பலரும் கருதுவர். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று மெய்யாகவே பதிவாகியுள்ளது. அன்று ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்து, இன்று பிரான்சில் உள்ள லீல் நகரில், அன்டுவானெத் பூரிஞ்ஞோன் (1616–1680) என்னும் சமய ஞானி ஏழைச் சிறுமியருக்கான இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். உலகத் தொடர்பு குறைந்த, கட்டுப்பாடு மிகுந்த இல்லம் அது. 1661இல், பிழை ஒன்றிற்குத் தண்டனையாக அறையில் அடைக்கப்பட்ட ஒரு சிறுமி வெளியே வந்து நின்றாள் என்றும், தன்னைத் திறந்துவிட்டவன் சாத்தானே என்று கூறினாள் என்றும் பூரிஞ்ஞோன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். அதன்பின் ஒருத்தியைத் தொடர்ந்து ஒருத்தியாக, முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமியர் அனைவரும் தாம் சாத்தானோடு உடன்படிக்கை செய்தவர்கள் என்று ஒப்புக்கொண்டனர். நகர அதிகாரிகளின் பார்வை இறுதியில் இல்லத்தின் தலைவிமீதே திரும்பியது. 1662இல் அவர் லீலை விட்டு வெளியேறினார்.

இந்நிகழ்ச்சியை இன்று படிக்கும்போது, அச்சிறுமியர் என்ன கண்டார்கள் என்பதைவிட, அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதே நம்மை நிறுத்துகிறது. பசி, தனிமை, ஓயாத கண்காணிப்பு என்பவற்றைப் பற்றி அவர்கள் பேசியிருந்தால் யார் செவிமடுத்திருப்பார்கள்? சாத்தானைப் பற்றிப் பேசியபோது ஊர் முழுவதும் செவிமடுத்தது.

இதே நிலை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், முப்பது ஆண்டுகளுக்குப் பின், மேலும் கொடிய வடிவில் தோன்றியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் கிராமத்தில், 1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாமுவேல் பாரிஸ் என்னும் போதகர் வீட்டில் ஒன்பது வயது மகளும் பதினொரு வயது உறவுப் பெண்ணும் இனந்தெரியாத வலிப்புகளால் துன்புற்றனர். 'உங்களைத் துன்புறுத்துவது யார்?' என்ற கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. பெயர்கள் வந்தன. அப்பெயர்கள், ஊரில் ஏற்கெனவே நிலவிய நிலத்தகராறுகளுக்கும் குடும்பப் பகைமைகளுக்கும் பல நேரங்களில் இயைந்திருந்தன. ஓராண்டு காலத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் பதினால்வர் பெண்கள். வாக்குமூலம் தர மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி, மார்பின்மேல் கற்கள் ஏற்றப்பட்டு நசுங்கி மாண்டார். சிறையில் ஐவரேனும் இறந்தனர். சேலத்தில் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டனர் என்பது பரவலான தவறான எண்ணம். ஆங்கிலேயச் சட்டப்படி அவர்கள் தூக்கிலேயே இடப்பட்டனர்.

சாட்டிய சிறுமியருள் ஒருத்தியான ஆன் பட்னம், அன்று பன்னிரண்டு வயதினள். 1706இல் அவள் தேவாலயத்தில் எழுந்து நிற்க, தான் மாசற்றவர்களின் குருதிக்குக் காரணமாயிருந்ததை ஒப்புக்கொள்ளும் அறிக்கை சபைமுன் வாசிக்கப்பட்டது. சாட்டியவர்களுள் இவ்வாறு வெளிப்படையாக மன்னிப்பு வேண்டியவள் அவள் ஒருத்தியே. அவள் சொல்லை நம்பித் தீர்ப்பெழுதிய பெரியவர்களுள் நீதிபதி சாமுவேல் சூவல் 1697இல் தம் தவற்றை வெளிப்படையாக ஏற்றார், பலர் ஏற்கவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் மனத்திற்கொண்டு 'தி வூட்ஸ்' படத்திற்குத் திரும்புவோமாயின், அது வரலாற்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பது புலனாகும். சேலத்தில் சிறுமியர் ஆதாரமின்றிச் சொன்னது நம்பப்பட்டது. ஏனெனில் அது பெரியோருக்கு வேண்டியதாயிருந்தது. ஃபால்பர்ன் பள்ளியில் ஹெதர் தன் கண்முன் கண்டதைச் சொல்கிறாள், அது நம்பப்படவில்லை, ஏனெனில் அது எவருக்கும் வேண்டியதாயில்லை. தீ வைத்தவள், அடங்காதவள் என்று அவள்மீது ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டாயிற்று. தோழி காணாமற்போனாள் என்று அவள் சொன்னாலும் அதுவும் அவளுடைய கோளாறுகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. இரண்டு இடத்திலும் சிறுமியின் சொல்லுக்குத் தனக்கென ஒரு மதிப்பு இல்லை. கேட்பவரின் தேவையே அதன் மதிப்பை முடிவு செய்கிறது.

சமந்தாவின் பாத்திரம் இக்கருத்தை மேலும் ஆழப்படுத்துகிறது. ஹெதரைத் துன்புறுத்தும் முரட்டுப் பெண்ணாகவே அவள் நெடுநேரம் தோன்றுகிறாள். பின்னரே, அவளுடைய கடுமை ஹெதரை அப்பள்ளியிலிருந்து விரட்டிக் காப்பாற்ற எடுத்த முயற்சி என்பது தெரியவருகிறது. நேராகச் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்று அறிந்த ஒரு பெண்ணுக்கு, பகைமை வேடம் ஒன்றே எச்சரிக்கும் வழியாக எஞ்சியிருந்தது. இவ்விடத்தில் படம் வெறும் அச்சுறுத்தலைக் கடந்து நிற்கிறது.

ஏன் 1965?

கதை ஏன் 1965இல் நிகழ வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது. பெட்டி ஃப்ரீடனின் 'பெண்மை என்னும் மாயை' பற்றிய நூல் 1963இல் வெளிவந்து, அமெரிக்க நடுத்தர வர்க்கப் பெண்களின் உள்ளப் புழுக்கத்தை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில், பதினேழு வயதான லெஸ்லி கோர் பாடி வெளியான 'யூ டோன்ட் ஓன் மீ' என்னும் பாடல் 1964இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 'நான் உன் உடைமையல்லள்' என்பதே அத்தலைப்பின் பொருள். மெக்கீ தம் படத்தில் லெஸ்லி கோரின் குரலைப் பயன்படுத்தியமை வெறும் காலக்குறிப்புக்காக அன்று. பள்ளியின் ஒழுங்குக்கும் காட்டின் இரைச்சலுக்கும் எதிரே ஒரு பெண்ணின் குரலை நிறுத்தும் முயற்சி அது.

1968இல் நியூயார்க்கில் பெண்ணுரிமைப் போராளிகள் சிலர் 'விட்ச்' என்னும் சொல்லையே தம் அமைப்பின் பெயராகச் சூட்டிக்கொண்டு, சூனியக்காரி வேடத்தில் வால் தெருவில் ஊர்வலம் சென்றனர். ஒடுக்கப்பட்ட பெண்ணின் அடையாளமாகச் சூனியக்காரியைக் காணும் பார்வை அதன்பின் பெருகியது. 'தி வூட்ஸ்' இப்பார்வையை அப்படியே ஏற்கவில்லை. இங்கே சூனியக்காரிகள் பள்ளியை நடத்துபவர்கள், விதிமுறைகளை வகுப்பவர்கள், உணவையும் உறக்கத்தையும் அளந்து கொடுப்பவர்கள். அதிகாரம் பெண்களின் கையில் இருப்பதனால் மட்டும் அது சிறுமியர்பால் இரக்கம் கொண்டுவிடுவதில்லை. 'உன்னிடம் தனித்த ஆற்றல் இருக்கிறது' என்று டிராவர்ஸ் அம்மையார் ஹெதரைப் பாராட்டும்போது, அது ஊக்கமா தூண்டிலா என்று பிரித்தறிய முடியாதபடி படம் நம்மை வைத்திருக்கிறது. திறமையை இனங்கண்டு வளர்க்கும் பள்ளிக்கும், திறமையைத் தன் பசிக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவு சில நேரங்களில் மிகச் சிறிது.

கைமாறிய நிறுவனமும் காத்திருந்த படமும்

மெக்கீயின் முந்தைய படமான 'மே' (2002), தனிமையில் வாடும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லித் திகிற்பட அன்பர்களிடையே நற்பெயர் பெற்றிருந்தது. அதன்பின் டேவிட் ராஸ் எழுதிய திரைக்கதையைக் கொண்டு அவர் எடுத்த 'தி வூட்ஸ்', எம்ஜிஎம் குழுமத்தைச் சேர்ந்த யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் படமாக உருவானது.

யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. சார்லி சாப்ளின், மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், டி. டபிள்யூ. கிரிஃபித் ஆகிய நால்வரும், தம் படைப்புகள் முதலாளிகளின் விருப்பு வெறுப்புக்கு இரையாகாதிருக்க வேண்டும் என்று கருதி 1919இல் தொடங்கிய நிறுவனம் அது. 'ஹெவன்ஸ் கேட்' (1980) படத்தின் பெருந்தோல்விக்குப் பின் 1981இல் எம்ஜிஎம் அதனை விலைக்கு வாங்கியது. கலைஞர்களின் பாதுகாப்பிற்காகப் பிறந்த பெயர் பிறகு கை மாறிக் கை மாறி வணிகக் குறியாக மட்டும் எஞ்சியது.

படம் உருவாகிக்கொண்டிருந்தபோது எதிர்பாராத ஒரு போட்டி எழுந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்து, 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) படத்தால் உலகப் புகழ் பெற்ற எம். நைட் சியாமளனும் தம் புதிய படத்திற்கு 'தி வூட்ஸ்' என்றே பெயரிட்டிருந்தார். மெக்கீயின் படம் அத்தலைப்பை முன்னரே பெற்றிருந்தமையால், சியாமளனின் படம் 'தி வில்லேஜ்' எனப் பெயர் மாறி 2004 ஜூலையில் வெளியாகி, உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தலைப்புப் போட்டியில் சிறிய படம் வென்றது. ஆனால் வென்ற தலைப்பைச் சுவரொட்டியில் காணும் பேறு அதற்குக் கிட்டவில்லை.

2004 செப்டம்பரில், சோனி தலைமையிலான முதலீட்டாளர் குழு எம்ஜிஎம் நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2005 ஏப்ரலில் விற்பனை முடிவுற்றது. கடன் உட்பட அதன் மதிப்பு ஏறத்தாழ 500 கோடி டாலர். வாங்கியவர்களின் கண் முதன்மையாக எம்ஜிஎம் வசமிருந்த நாலாயிரம் பழைய படங்களின்மீதே இருந்தது. டிவிடி விற்பனை செழித்திருந்த காலம் அது. இத்தகைய விற்பனையில், முடிந்தும் வெளிவராத சிறு படங்களின் நிலை இரங்கத்தக்கது. அவற்றைத் தொடங்கி வைத்தவர்கள் பதவியில் இருக்கமாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவற்றின்மீது பற்று இராது. வெற்றி பெற்றால் புகழ் முன்னோருக்கு, தோற்றால் பழி தமக்கு என்னும் கணக்கும் இருக்கும். 'தி வூட்ஸ்' அவ்வாறே அலமாரியில் காத்திருந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலான வெளியீடு எதுவுமின்றி, 2006 அக்டோபரில் அது நேரடியாக டிவிடியாக விற்பனைக்கு வந்தது. திரையரங்கின் இருட்டில் நால்திசையிலிருந்தும் காட்டின் குரல் சூழ வேண்டிய படம், வீட்டுக் கூடத்தின் சிறு திரையில் வந்து அடங்கியது.

நேரடியாக டிவிடியில் வரும் படம் தரமற்றது என்னும் எண்ணம் அந்நாளில் நிலவியது. எனவே படத்தைப் பார்க்கும் முன்னரே அதன்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஃபால்பர்ன் பள்ளிக்குள் நுழையும் முன்னரே ஹெதர்மீது முத்திரை விழுந்ததை இது நினைவூட்டாமல் இல்லை.

நிறையும் குறையும்

மறக்கப்பட்டது என்பதனாலேயே ஒரு படைப்பைத் தலைமேல் தூக்கி வைத்தல் முறையன்று. இப்படத்தின் இறுதிப் பகுதி வேகமாக ஓடுகிறது. அதுவரை சாளரத்திற்கு வெளியே நின்ற காட்டைக் கணிப்பொறி வரைகலையால் கொடிகளாக உள்ளே கொண்டுவரும்போது, அச்சத்தின் செறிவு குறைகிறது. ஹெதர் கோடரியை ஏந்தும் உச்சக்காட்சி, முன்பகுதியின் அமைதியான நெசவுக்கு ஒவ்வாத முரட்டுத்தனம் உடையது. மூன்று சகோதரியரின் பழங்கதையும் இன்னும் தெளிவாக விரிந்திருக்கலாம்.

ஆயினும் நிறைகள் இவற்றை விஞ்சுகின்றன. உணவுக்கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்ட பால் குவளைகள், விளக்கணைந்த பின் படுக்கையறையில் எழும் மெல்லிய பேச்சு, கடிதத்திற்கு விடை வராத பகல்கள் ஆகியவை உறைவிடப் பள்ளி வாழ்வை அறிந்தவர்களுக்கு அயலானவை அல்ல. வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தையின் மனத்தில் எழும் 'என்னை ஏன் அனுப்பினார்கள்?' என்னும் கேள்வியை இப்படம் ஒருபோதும் மறக்கவில்லை. பேய்கள் அதற்குப் பிறகே வருகின்றன.

காலந்தாழ்ந்த நீதி

சேலம் வழக்குகளின் வரலாறு 1693இல் முடிந்துவிடவில்லை. 1711இல் குடியேற்ற அரசு இருபத்திருவர்மீதான தீர்ப்புகளை நீக்கி இழப்பீடு வழங்கியது. 1957இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வருத்தம் தெரிவித்தது. 2001இல் மேலும் ஐந்து பெண்களின் பெயர்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஒருத்தியின் பெயர் விடுபட்டுக்கொண்டே வந்தது. எலிசபெத் ஜான்சன் என்னும் அப்பெண், 22 வயதில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநரின் ஆணையால் உயிர் தப்பியவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதலின் அவளுக்காக மனுச் செய்ய வழித்தோன்றல்கள் எவரும் இல்லை. வட ஆண்டோவர் என்னும் ஊரின் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள், தம் ஆசிரியையின் வழிகாட்டுதலில், அவளுடைய வழக்கை ஆராய்ந்து சட்டமன்றத்திற்கு எழுதினர். 2022ஆம் ஆண்டு, 329 ஆண்டுகளுக்குப் பின், அவள் பெயர்மீதிருந்த குற்றம் நீக்கப்பட்டது. சேலத்தில் சிறுவர்களின் சொல் கொல்லப் பயன்பட்டது. இங்கே சிறுவர்களின் சொல் ஒரு பெண்ணின் பெயரை மீட்டது. நடுவே மாறியது யாதெனின், அவர்களுடைய வாயில் பெரியோர் தம் சொற்களை இடவில்லை என்பதே. ஆவணங்களைக் கொடுத்தனர், படிக்கக் கற்றுக்கொடுத்தனர், பிறகு சொன்னதைக் கேட்டனர்.

அதே 2022ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் எம்ஜிஎம் மீண்டும் ஒருமுறை கைமாறி, அமேசான் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஒவ்வொரு விற்பனையிலும் ஆயிரக்கணக்கான படங்கள் எண்ணிக்கையாகவே கைமாறுகின்றன. அவ்வெண்ணிக்கைக்குள் ஒவ்வொரு படமும் யாரேனும் ஒருவருடைய உழைப்பு. எலிசபெத் ஜான்சனுக்காகப் பேச வழித்தோன்றல்கள் இல்லாததுபோலவே, திரையரங்கு காணாத படத்திற்காகப் பேசவும் பொறுப்புடையோர் எவரும் இருப்பதில்லை. பார்த்தவர்கள்தாம் பேச வேண்டும். 'தி வூட்ஸ்' படத்தைத் தேடிப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். பார்த்தபின் அதன் குறைகளைக் கடிந்துரைப்பினும் மகிழ்வோம்; ஏனெனில் அப்போது அதன்மீது சொல்லப்படுவது, பார்த்தவர் சொன்ன தீர்ப்பாக இருக்கும்.